கணினி எங்கே காத்திருக்கிறது?

2004ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பென்டியம் 4 வகைச் செயலி ஒன்றின் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ரைசன் 5 9600எக்ஸ் என்னும் செயலியின் உச்ச வேகம் 5.4 கிகாஹெர்ட்ஸ். எண்களை மட்டும் பார்க்கிறவர், இத்தனை காலத்தில் ஒன்றரை மடங்கு வளர்ச்சிகூட இல்லையே என்று எண்ணினால் அதில் தவறில்லை. ஆனால் பழைய செயலி மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்த வீடியோ வேலையைப் புதிய செயலி நிமிஷக்கணக்கில் முடித்துவிடுவதும் பிரத்தியட்சமாகக் காணக்கூடிய உண்மையே. இது ஒரு புதிர். இதற்கு நேர் எதிரான இன்னொரு புதிரும் உண்டு: முந்தைய தலைமுறையைவிட 15 சதவிகிதம் வேகம் அதிகம் என்ற விளம்பரத்தைப் படித்து, உள்ளதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்திக்கொண்ட ஒருவர், யந்திரத்தை முடுக்கி வழக்கமான வேலைகளைச் செய்து பார்த்துவிட்டு, எதுவும் மாறியதாகத் தெரியவில்லையே என்று திகைக்கிறார். எண் வளராதபோது வேலை வளர்ந்திருக்கிறது. எண் வளர்ந்தபோது வேலை வளரவில்லை. ஆயிரக்கணக்கில் பணத்தைச் செலவிட்டு மேசைக் கணினியின் செயலியை மாற்றலாமா, இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கலாமா என்று யோசிக்கிற எவரும் இவ்விரண்டு புதிர்களையும் விடுவித்துக்கொண்டால், தம் கேள்விக்கான விடையைத் தாமே கண்டுகொள்ள முடியும்.

செயலி என்பது, டிரான்சிஸ்டர் எனப்படும் நுண்ணிய மின் சுவிட்சுகளைக் கணக்கற்றுச் சேர்த்துச் செதுக்கிய சிலிக்கன் சில்லு. 1971இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்னும் செயலியில் இவை 2,300 இருந்தன. இன்று வீட்டு மேசையில் இருக்கும் செயலியில் நூற்றுக்கணக்கான கோடி இருக்கின்றன. இவ்வளவும் ஒன்றோடொன்று முரண்படாமல் ஒரே தாளத்தில் இயங்குவதற்காக ஒரு கடிகாரத் துடிப்பு ஏற்படுத்தப்பட்டிருக்கிறது. கிகாஹெர்ட்ஸ் என்னும் அளவு இந்தத் துடிப்பைத்தான் குறிக்கிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடிக்கு நூறு கோடித் துடிப்பு. ஐந்து கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள அவகாசத்தில், பிரபஞ்சத்திலேயே அதிக வேகம் உடைய ஒளிகூட ஆறு சென்டிமீட்டர் தூரந்தான் செல்ல முடியும் என்பதை நினைத்தால், இந்தத் துடிப்பை இஷ்டம்போல் உயர்த்திக்கொண்டே போவது எவ்வளவு சிரமம் என்பது ஒருவாறு விளங்கும்.

எனினும் அதை நிறுத்திவைத்தது ஒளியின் வேகமல்ல, உஷ்ணமே. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டெனார்டு என்பவரும் அவருடைய சகாக்களும் 1974இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். டிரான்சிஸ்டரின் அளவைக் குறைக்கும்போது அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரே பரப்பில் அதிகமான டிரான்சிஸ்டர்களை நெருக்கி வைத்து, அவற்றை முன்னிலும் வேகமாகத் துடிக்கச் செய்தாலும், அந்தப் பரப்பில் பிறக்கும் உஷ்ணம் ஏறாது என்பது அதன் சாரம். முப்பது ஆண்டுகள் செயலிகளின் வளர்ச்சி இந்த வழியில்தான் நடந்தது. ஆனால் மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்கினால், மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் முழுவதும் மூடாமல் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த எல்லை வந்துவிட்டது. அதற்குமேல் துடிப்பைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். மின்னழுத்தம் 10 சதவிகிதம் உயர்ந்தால், அதன் காரணமாக மட்டும் செலவாகும் சக்தி 21 சதவிகிதம் உயர்கிறது. துடிப்பு கூடியதற்கான செலவு தனி. நான்கு கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வருவதாக அறிவித்திருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டுவிட்டது. முதல் புதிரின் பாதி இங்கே அவிழ்ந்துவிடுகிறது: எண் வளராமல் நின்றதற்குக் காரணம் உஷ்ணம்.

அப்படியானால் வேலை எவ்வாறு வளர்ந்தது? கல்யாண வீட்டுச் சமையற்கட்டை மனத்தில் கொண்டுவந்தால் இது சுலபமாகப் புரியும். அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து காய் நறுக்குகிறவரின் கை நிமிஷத்துக்கு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பது கடிகாரத் துடிப்பு. ஒவ்வொரு முறையும் எத்தனை துண்டுகள் விழுகின்றன என்பது வேறு கணக்கு. ஒரே ஒரு வாழைக்காயை வைத்துக்கொண்டு படபடவென்று கை ஓட்டுகிறவரைவிட, நான்கு காய்களைச் சேர்த்துப் பிடித்து நிதானமாக நறுக்குகிறவர் முன்னதாகக் கூடையை நிரப்பிவிடுவார். ஒரு துடிப்புக்கு எத்தனை கட்டளைகள் நிறைவேறுகின்றன என்கிற இந்த அளவை ‘துடிப்புவிளைவு’ என்று நாம் பெயரிட்டுக்கொள்ளலாம். செயலியின் புதிய தலைமுறை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, இந்தத் துடிப்புவிளைவைக் கூட்டும் முயற்சியே.

பென்டியம் 4 தோற்ற இடமும் இதுதான். துடிப்பைக் கூட்டுவதற்காக, ஒவ்வொரு வேலையையும் மிகச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, கைமாற்றிக் கைமாற்றிச் செல்லும் நீண்ட வரிசையாக அதை அமைத்திருந்தார்கள். அதன் பிற்காலத்து வடிவில் அந்த வரிசை 31 படிகள் கொண்டது. பந்தியில் அடுத்துக் கேட்கப்போவது மோர்க்குழம்பா வத்தக்குழம்பா என்பது தெரிவதற்கு முன்பே சமையற்கட்டு ஒன்றை ஊகித்து வேலையை ஆரம்பித்துவிடுவதுபோல், செயலியும் தனக்கு அடுத்து வரும் கட்டளை எது என்பதை ஊகித்தே ஓடுகிறது. ஊகம் தவறினால் வரிசையில் உள்ள அத்தனையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை எவ்வளவு நீளமோ நஷ்டமும் அவ்வளவு. 2006 ஜூலையில் அதே இன்டெல் வெளியிட்ட கோர் 2 டுவோ, 14 படிகள் கொண்ட குறுகிய வரிசையோடு, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற குறைந்த துடிப்பில் ஓடியபடியே, 3.6 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிய தன் முன்னோரைப் பெரும்பாலான சோதனைகளில் முந்திச் சென்றது. கிகாஹெர்ட்ஸை வைத்து இரு வேறு தலைமுறைகளை ஒப்பிடுவது அர்த்தமற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இந்த வளர்ச்சியின் வேகம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை. 2017ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பகிர்ந்துகொண்ட ஜான் ஹென்னெசி, டேவிட் பேட்டர்சன் என்னும் இரு அறிஞர்கள், எஸ்.பி.இ.சி. என்ற பொதுவான சோதனைத் தொகுப்பின் முடிவுகளை ஆண்டுவாரியாக அடுக்கி ஒரு கணக்கு எடுத்திருக்கிறார்கள். 1986 முதல் 2003 வரை செயலிகளின் திறன் வருஷத்துக்கு 52 சதவிகிதம் வளர்ந்தது; 2003 முதல் 2011 வரை 23; அடுத்த நான்கு ஆண்டுகளில் 12; 2015 முதல் 2018 வரை வெறும் மூன்றரை. முதல் விகிதத்தில் இரண்டு வருஷத்துக்குள் திறன் இரட்டித்துவிடும். கடைசி விகிதத்தில் இரட்டிக்க இருபது வருஷம் ஆகும். புதிய செயலி வந்தால் உடனே மாற்றிவிட வேண்டும் என்கிற பழக்கம் நம்மிடையே வேரூன்றியது அந்த 52 சதவிகித காலத்தில். அந்தக் காலம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பிற்பாடு இன்டெலுக்கும் ஏ.எம்.டி.க்கும் இடையே போட்டி மூண்டதனால் வேகம் மறுபடி சற்றுக் கூடியது என்றாலும், பழைய உச்சத்தை அது தொடவில்லை.

துடிப்பைக் கூட்ட முடியாமற்போன நிறுவனங்கள் கண்டுபிடித்த இன்னொரு வழி, ஒரே சில்லில் பல செயலிகளை வைப்பது. கோர் என்று கடைக்காரர்கள் சொல்லும் இவற்றைக் ‘கரு’ என்று வழங்கலாம். ஒரு சமையற்காரருக்குப் பதில் ஆறு பேர், எட்டுப் பேர், பதினாறு பேர். ஆனால் ஆட்களைக் கூட்டுவதனால் சமையல் அதே விகிதத்தில் விரைவாகுமா? தேங்காய் துருவுவதை ஆறு பேர் பங்கிட்டுக்கொள்ளலாம். பாகு பதத்துக்கு வரும்வரை அடுப்படியில் நிற்பதைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஐ.பி.எம். சிஸ்டம்/360 கணினியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜீன் ஆம்டால், 1967இல் எடுத்துக்காட்டிய நியதி இதுவே. பத்து நிமிஷ வேலையொன்றில் நான்கு நிமிஷம் பிரிக்கமுடியாத பகுதி, ஆறு நிமிஷம் பிரிக்கக்கூடிய பகுதி என்று கொள்வோம். ஆறு கருக்கள் சேர்ந்து செய்தால் மொத்தம் ஐந்து நிமிஷத்தில் முடியும். பதினாறு கருக்களை வைத்தால் நான்கு நிமிஷம் இருபத்திரண்டு வினாடி. கருக்கள் எண்ணற்று இருந்தாலும் நான்கு நிமிஷத்துக்குக் கீழே இறங்காது. அதாவது, ஆறிலிருந்து பதினாறுக்குத் தாவியவர், பத்துக் கருக்களுக்கு அதிகமாகப் பணம் கொடுத்துப் பெற்றது முப்பத்தெட்டு வினாடி.

இந்த நியதி உங்கள் மேசைமேல் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயலியின் வரைபடத்தை ஒட்டுமொத்தமாகக் காட்டாமல் தனித்தனிக் கட்டங்களாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஆறு கருக்கள் கொண்ட ரைசன் 5 3600இல், ஒவ்வொரு கருவும் இரண்டு வேலைகளை ஊடுபாவாக ஏற்றுக்கொள்வதனால், பன்னிரண்டு கட்டங்கள் தெரியும். பெரிய கணக்குத் தாளொன்றை எக்செலில் திறந்து மறுகணக்கிடச் சொல்லிவிட்டுப் பார்த்தால், சில வேலைகளில் பன்னிரண்டும் ஒருசேர உச்சிக்கு ஏறும். வேறு சில வேலைகளில் ஒரே ஒரு கட்டத்தில் கோடு உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அல்லது ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும், மற்றவை அடியில் படுத்திருக்கும். அப்போது மேலே மொத்தக் கணக்காக எட்டு, ஒன்பது சதவிகிதம் என்று எழுதியிருக்கும். செயலிக்கு வேலையே இல்லை, யந்திரம் ஏனோ மந்தமாக இருக்கிறது என்று பலர் தவறாக எண்ணிவிடுவது இந்த எண்ணைப் பார்த்துத்தான். உண்மையில் ஒரு கரு தன் முழுச் சக்தியையும் செலவிட்டுத் திணறிக்கொண்டிருக்கிறது. மற்ற ஐந்தும் அதற்கு உதவ வழியில்லாமல் சும்மா இருக்கின்றன. இத்தகைய வேலை உடையவருக்குக் கருக்களின் எண்ணிக்கையால் பயனில்லை. ஒரு கருவின் திறன்தான் முக்கியம்.

மூன்றாவது விஷயம், பொருள்கள் இருக்கும் தூரம். கைக்கு எட்டும் தூரத்தில் அஞ்சறைப்பெட்டி. நாலடி தள்ளிப் பாத்திரமேடை. கூடத்தைத் தாண்டி உக்கிராண அறை. அதற்கும் அப்பால் கடைத்தெரு. சமையற்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், புளி உக்கிராணத்திலிருந்து வந்து சேரும்வரை சும்மாதான் நிற்க வேண்டும். செயலிக்கு உக்கிராணம், ராம் என்று நாம் சொல்லும் முதன்மை நினைவகம். இதில் இன்று வழங்கும் வகையைக் கண்டுபிடித்தவரும் முன்னே சொன்ன டெனார்டே. அதற்காக அவர் பெற்ற காப்புரிமை 1968ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கிருந்து ஒரு தகவல் வந்துசேர, செயலியின் கணக்கில் முந்நூறு துடிப்புகளுக்கும் மேல் ஆகிறது. ஆகவே அடிக்கடி தேவைப்படுபவற்றைச் சில்லிலேயே பதுக்கிவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டாயிற்று. கேஷ் என்று வழங்கும் இந்தப் பதுக்ககத்தின் கருத்தை 1965இல் எழுதி வைத்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ்; விற்பனைக்கான யந்திரத்தில் அதை முதன்முதல் அமைத்து அறிவித்தது ஐ.பி.எம்., 1968இல். இன்றைய செயலிகளில் இது மூன்று அடுக்குகளாக இருக்கிறது: முதல் அடுக்கு நான்கைந்து துடிப்பில் கைக்கு வரும், இரண்டாவது பன்னிரண்டு பதினான்கில், மூன்றாவது நாற்பது ஐம்பதில். கடைத்தெருவாகிய வட்டிலிருந்து வரவேண்டுமானால் கணக்கே வேறு. சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் ஒரு தகவலைத் தேடி எடுக்கப் பத்து மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. நான்கு கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு அது நான்கு கோடித் துடிப்பு. புதிய வகை வட்டாகிய எஸ்.எஸ்.டி. அதை நூறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. பழைய கணினிக்கு எஸ்.எஸ்.டி. ஒன்றை மட்டும் பொருத்தியவர்கள் புதுக் கணினியே வாங்கிவிட்டதுபோல் மகிழ்வதற்கும், செயலியை மாற்றியவர்கள் பேசாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

பதுக்ககத்தின் மதிப்பு எவ்வளவு என்பதை நாம் ஊகித்து அறிய வேண்டியதில்லை. கடையிலே விற்ற இரண்டு செயலிகளே அதற்கு ஒரு நேர்த்தியான பரிசோதனையாக அமைந்துவிட்டன. ஏ.எம்.டி.யின் ரைசன் 7 5800எக்ஸ் எட்டுக் கருக்கள் கொண்டது. மூன்றாம் அடுக்குப் பதுக்ககம் 32 மெகாபைட். உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டியிலும் அதே எட்டுக் கருக்கள், அதே வடிவமைப்பு. ஆனால் சில்லின்மேல் இன்னொரு சில்லை ஒட்டி 64 மெகாபைட்டைக் கூட்டியதனால் பதுக்ககம் 96 மெகாபைட் ஆயிற்று. அதன் உஷ்ணத்துக்காக வேகத்தை 4.5 ஆகக் குறைத்திருந்தார்கள். முப்பரிமாணப் படம் தீட்டும் சினிபெஞ்ச் போன்ற சோதனையில், மூன்று மடங்கு பதுக்ககத்தால் ஒரு லாபமும் இல்லாமல், வேகம் குறைந்த அளவுக்கு 5800எக்ஸ்3டி பின்தங்கியது. பரந்த உலகத்தைச் சித்திரிக்கும் விளையாட்டுகளிலோ, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் தகவல்களைக் கணந்தோறும் தேடியெடுக்க வேண்டியிருப்பதனால், குறைந்த துடிப்போடேயே அது தன் உடன்பிறப்பை வெகுதூரம் முந்தியது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் விஞ்ஞான முறை. வேகத்தில் இருந்த சிறு வித்தியாசத்தைத் தவிர்த்தால், இங்கே அந்த முறை நமக்குச் சொல்வது, ‘எந்தச் செயலி வேகமானது?’ என்னும் கேள்விக்கு, ‘எந்த வேலைக்கு?’ என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது என்பதே.

விளம்பரத்தில் வரும் சதவிகிதத்தையும் இந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஏ.எம்.டி. தன் ஸென் 3 தலைமுறைக்கு 19 சதவிகிதம், ஸென் 4க்கு 13, ஸென் 5க்கு 16 என்று துடிப்புவிளைவின் உயர்வை அறிவித்தது. இவை பொய்யான எண்கள் அல்ல. பல நிரல்களை ஓட்டிக் கண்ட சராசரிகள். ஆனால் சராசரி என்பது, ஒரு நிரலில் மிக அதிகமாகவும் இன்னொன்றில் மிகக் குறைவாகவும் கிடைத்த லாபங்களை ஒன்றாகக் கரைத்துவிடுகிறது. நீங்கள் ஓட்டும் நிரல் அந்தப் பட்டியலின் எந்தக் கோடியில் இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அன்றியும், புதிய தலைமுறை எல்லா வேலையிலும் முன்னதை விஞ்சும் என்பதும் நிச்சயமில்லை. இன்டெலின் பத்தாம் தலைமுறைத் தலைமைச் செயலியில் பத்துக் கருக்கள் இருந்தன. 2021 மார்ச்சில் வந்த பதினோராம் தலைமுறையில் அவை எட்டாகக் குறைந்துவிட்டன. 2024 அக்டோபரில் மேசைக் கணினிக்கு வந்த இன்டெலின் கோர் அல்ட்ரா வரிசை மின்சாரச் செலவை வெகுவாகக் குறைத்தது. ஆனால் விளையாட்டுச் சோதனைகள் பலவற்றில் முந்தைய தலைமுறைக்குப் பின்னே நின்றது.

இரண்டாவது புதிருக்கான விடை இப்போது கையருகே வந்துவிட்டது. கணினியின் முன் நாம் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதி செயலிக்காகக் காத்திருப்பது. ஒரு பகுதி வட்டுக்காக. ஒரு பகுதி இணையத்தின் மறுமுனைக்காக. ஒரு பகுதி கிராபிக்ஸ் கார்டுக்காக. பெரும்பகுதி, கணினியே நம் விரலுக்காகக் காத்திருப்பது. ஆம்டாலின் நியதி கருக்களுக்கு மட்டும் உரியதன்று. இங்கேயும் அது செல்லும். செயலிக்கான காத்திருப்பு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், எல்லையற்ற வேகமுள்ள செயலி வந்தாலும் மிச்சமாவது அந்தப் பத்தில் ஒரு பங்குதான்; 15 சதவிகிதம் வேகமான செயலி மிச்சப்படுத்துவதோ நூறில் ஒன்றேகால் பங்குக்குச் சற்று அதிகம். அதை எந்த மனிதனும் உணர முடியாது.

ஆகவே, மாற்றுவதற்கு முன் அறியவேண்டியது, நம்முடைய வேலை எங்கே காத்திருக்கிறது என்பதே. இதைப் பைசா செலவில்லாமல் அறிவதற்கு ஒரு வழி உண்டு. புதிய செயலியை வாங்கி வேகத்தைக் கூட்டிப் பார்க்க முடியாதாயினும், இருக்கும் செயலியின் வேகத்தைக் குறைத்துப் பார்க்க யாராலும் முடியும். விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில், செயலியின் உச்ச நிலை என்று ஓர் எண் இருக்கிறது. வழக்கமாக அது நூறு. அதை 99 ஆக்கினால், தேவைப்படும்போது துடிப்பை உயர்த்திக்கொள்ளும் ஏற்பாடு பெரும்பாலான செயலிகளில் நின்றுவிடும். ரைசன் 5 3600இன் உச்ச வேகம் 4.2 கிகாஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் 3.6, அந்த ஏற்பாட்டை நிறுத்தியபின் அது 3.6ஐ ஒட்டியே ஓடும். 3.6இலிருந்து 4.2க்கு ஏறுவது ஏறத்தாழ 17 சதவிகிதம்; அதாவது, விளம்பரங்கள் ஒரு தலைமுறைக்கு வாக்களிக்கும் அளவு. இந்த ஓர் எண்ணை மாற்றியதனால் நீங்கள் ஒரு தலைமுறை பின்னுக்குப் போய்விட்டீர்கள். இனி ஒரு வாரம் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லையானால், ஒரு தலைமுறை முன்னுக்குப் போவதும் தெரியாது. தெரிந்தால், எந்த வேலையில் எவ்வளவு தெரிந்தது என்பதைக் கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கே உரிய, யாரும் உங்களுக்கு விற்க முடியாத சோதனை முடிவு.

விளையாட்டுகளுக்கு வேறொரு சோதனை உண்டு. திரையின் துல்லியத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். வினாடிக்கு இத்தனை சட்டகம் என்ற எண் விர்ரென்று ஏறினால், இதுகாறும் தாமதம் செய்தது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால், செயலி. இவ்விரு சோதனைகளும் முழுமையானவை என்று சொல்லமாட்டேன். முக்கியமாக, துடிப்பைக் குறைக்கும்போது முதன்மை நினைவகத்தின் வேகம் குறைவதில்லையாதலால், நினைவகத்துக்காகக் காத்திருக்கும் வேலைகளை முதல் சோதனை சரியாகக் காட்டாது. விளையாட்டுச் சோதனை செயலியைக் குற்றவாளியாகக் காட்டியும், துடிப்புச் சோதனை பெரிய வித்தியாசம் காட்டாமலும் இருந்தால், அங்கே தேவை துடிப்பன்று, பதுக்ககம் என்று சந்தேகிக்க இடமுண்டு.

2019 ஜூலையில் வெளிவந்து பல வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிற அந்த 3600ஐ வைத்தே தீர்மானத்தை எடைபோடலாம். அதற்குப் பின் வந்தவை மூன்று தலைமுறைகள். நிறுவனம் சொன்ன 19, 13, 16 என்னும் மூன்று உயர்வுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கி, துடிப்பு 4.2இலிருந்து 5.4 ஆனதையும் சேர்த்தால், அதே ஆறு கருக்கள் கொண்ட 9600எக்ஸின் ஒரு கரு, பழையதைப்போல் இரண்டு மடங்கு வேலை செய்கிறது. இது உணரக்கூடிய மாற்றம். இருபது நிமிஷம் எடுத்த வீடியோ பத்து நிமிஷத்தில் முடியும். ஒரு தலைமுறை மட்டும் தாண்டுகிறவருக்கு அதே வீடியோ பதினேழு நிமிஷம் ஆகும். இருபதானாலும் பதினேழானாலும் மனிதர் எழுந்து காபி குடிக்கத்தான் போவார். ஒன்றிரண்டு தலைமுறைகளை விட்டுவிட்டுத் தாண்டுவதே விவேகம் என்று அனுபவஸ்தர்கள் சொல்வதன் கணிதம் இவ்வளவுதான்.

ஆனால் 9600எக்ஸுக்கு ஏ.எம்.5 என்னும் புதிய சாக்கெட் வேண்டும். ஆகவே மதர்போர்டும், டி.டி.ஆர்.5 வகை ராமும் கூடவே வாங்க வேண்டும். 2025இன் பிற்பகுதியிலிருந்து நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியிருப்பதனால், செயலியின் விலையை மட்டும் பார்த்துக் கணக்கிடுகிறவர் ஏமாந்துபோவார். இதற்கு மாறாக, 3600 அமர்ந்திருக்கும் அதே ஏ.எம்.4 சாக்கெட்டில் 5800எக்ஸ்3டியோ, பின்னர் வந்த 5700எக்ஸ்3டியோ கிடைத்தால், மற்ற எதையும் மாற்றாமல் அதைப் பொருத்திக்கொள்ளலாம். பதுக்ககத்துக்காகக் காத்திருக்கும் விளையாட்டுக்காரருக்கு இதுவே சிக்கனமான வழி. ஏ.எம்.5க்குப் போகிறவருக்கும் ஒரு சௌகரியம் உண்டு: 2027 வரையிலும் அதற்கப்பாலும் இந்தச் சாக்கெட்டுக்குப் புதிய செயலிகள் வரும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

பழைய சாக்கெட்டிலேயே மாற்றுகிறவர் இரண்டு காரியங்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முதலாவது, பழைய செயலி இருக்கும்போதே மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியதை அது அடையாளம் கண்டுகொள்ளாது. இரண்டாவது, ஏ.எம்.4 செயலியின் அடிப்புறத்தில் முடிபோன்ற 1,331 ஊசிகள் இருக்கின்றன. நாட்பட்ட தெர்மல் பேஸ்ட் இறுகிக் கூலரைச் செயலியோடு ஒட்டவைத்திருக்கும்; நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து செயலியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் கடும் வேலையில் ஓட்டிச் சூடேற்றி, அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி தளர்ந்தது தெரிந்த பிறகே தூக்க வேண்டும்.

வேகத்தோடு சம்பந்தமில்லாத காரணங்களாலும் சில சமயம் மாற்றம் அவசியமாகிவிடுகிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் அங்கீகரித்த பட்டியலில், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையும், மேசைக் கணினிக்கான ரைசனில் 2000 வரிசையும் தொடக்கம். அதற்கு முந்தையவை வேகத்தில் குறையில்லாவிட்டாலும் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. அப்படிப்பட்ட யந்திரத்தில் வங்கிக் கணக்கும் அலுவலகக் காரியமும் பார்க்கிறவருக்கு, பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் நிற்பது ஒரு நியாயமான காரணம். லினக்ஸுக்கு மாறுவது செலவில்லாத மாற்று வழி. 3600 வைத்திருப்பவர் இந்தப் பட்டியலுக்கு உள்ளேயே இருப்பதனால் அவருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஆகவே அவர் முதலில் வட்டு எஸ்.எஸ்.டி.தானா என்று பார்க்கட்டும். அடுத்து, ராம் போதுமானதாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு அந்த எண்ணை 99க்கு இறக்கி ஒரு வாரம் வேலை செய்யட்டும். அந்த வாரத்தில் தாமதத்தால் எரிச்சலுற்று எண்ணை மறுபடி நூறுக்கு ஏற்றிக்கொள்கிறவர் கடைக்குப் போகலாம். எண்ணை மாற்றியதையே மறந்துபோனவர் பணத்தை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.